அரியலூர் ரோட்டில் மங்கிய லைட்

அந்த வெள்ளை அம்பாசடர் என் கடைக்கு முதல் தடவை வந்தபோது அதன் லைட்டில் உண்மையாகவே கோளாறு இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு எனக்கு வேலை தெரியாது என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது.

பெரம்பலூரில் அரியலூர் போகும் ரோட்டோரம் நான் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தேன். கடை என்றால் ஒரு தகரக் கொட்டகை, ஒரு பெஞ்சு, பேட்டரி சார்ஜர், சுவர் நிறைய பழைய டைனமோக்கள். லாரி, டிராக்டர், வேன், கார் எது வந்தாலும் ஒயரிங் பார்ப்பேன். அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்து, போர்டையெல்லாம் மாற்றி எழுதி, மறு வருடமே அழித்துத் திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டிருந்த சமயம் அது. எனக்கு முப்பத்துநாலு வயது. கையில் வேலை இருந்தது. வாயில் அடக்கம் கிடையாது. ஒயரைக் கண்டபடி வெட்டி ஒட்டிக்கொண்டு வருகிறவர்களை வண்டியிலிருந்து இறங்குவதற்குள் நாலு வார்த்தை திட்டிவிடுவேன். ஆனாலும் வருவார்கள், ஏனென்றால் நான் பார்த்து அனுப்பிய வண்டி திரும்பி வராது.

கார் ஒரு விதைக்கடைக்காரருடையது. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் அவருக்கு விதை, உரம், பூச்சிமருந்து வியாபாரம். சொந்த வேலை இல்லாத நேரத்தில் காரை வாடகைக்கு விடுவார். எங்கள் ஊருக்கு ரயில் இல்லை. ரயில் பிடிக்க அரியலூருக்குத்தான் போக வேண்டும். பெட்டியோடும் வயதானவர்களோடும் கைக்குழந்தையோடும் போகிறவர்கள் பஸ்ஸை நம்பாமல் கார் பிடிப்பார்கள். அதனால் அந்தக் கார் அநேகமாக தினமும் சாயங்காலம் அரியலூர் ஸ்டேஷனுக்குப் போய்த் திரும்பும்.

மீதி நாட்களில் கல்யாணம், காதுகுத்து. கல்யாணத்துக்குக் கார் பேச வருகிறவர்கள் டயர் எப்படி, பிரேக் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். பாட்டு இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். பாட்டு இல்லாததால் ஒரு மாப்பிள்ளை வீட்டார் விதைக்கடைக்காரர் காரை வேண்டாம் என்று சொல்லி, பூலாம்பாடிக்காரர் ஒருவருடைய வேனைப் பேசிவிட்டார்கள். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. நேரே திருச்சிக்குப் போய் டெக், சீட்டுக்கு அடியில் ஆம்ப்ளிஃபயர், பின் கண்ணாடி ஓரம் இரண்டு பெரிய ஸ்பீக்கர், டிக்கியில் மரப்பெட்டியோடு ஒரு ஊஃபர் என்று மாட்டிக்கொண்டு வந்தார். டிக்கியில் பாதி போய்விட்டது. ரயிலுக்குப் போகிறவர்கள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. ஒருவரும் குறை சொல்லவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் மடியில் பெட்டியோடு முப்பது கிலோமீட்டர் போவார்கள், பாட்டு இல்லாமல் போகமாட்டார்கள்.

காரை ஓட்டியவருக்கு ஐம்பது வயதிருக்கும். வாலிகண்டபுரம் பக்கத்துக்காரர். ஒல்லியான உடம்பு, எப்போதும் துவைத்த காக்கிச் சட்டை. இளவயதில் லாரி ஓட்டியவர், ஒரு கோழி மேல்கூட ஏற்றியதில்லை என்று மற்ற டிரைவர்களே சொல்வார்கள். என்னைத் தம்பி என்பார், நான் அவரை அண்ணே என்பேன். அன்றைக்கு வந்து பானட்டைத் திறந்து வைத்துவிட்டு, பாட்டு ஓடும்போது லைட் மங்குகிறது என்று சொன்னார்.

பாட்டைப் போடச் சொல்லி, லைட்டையும் போடச் சொன்னேன். ஊஃபர் ஒவ்வொரு தடவை டம் என்று அடிக்கும்போதும் இரண்டு ஹெட்லைட்டும் கண் சிமிட்டின. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாளம் தப்பாமல் சிமிட்டியது. உள்ளே ஒயரைப் பார்த்ததும் சிரிப்பு போய்க் கோபம் வந்தது. ஆடியோ மாட்டியவன் ஹெட்லைட் சுவிட்சுக்குப் போகும் ஒயரிலேயே ஆம்ப்ளிஃபயருக்கும் கரண்ட் எடுத்திருந்தான். ஒரே குழாயில் இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரே நேரத்தில் தண்ணீர் பிடிப்பது மாதிரி. எர்த் ஒயரை பெயின்ட்டைக்கூடச் சுரண்டாமல் போல்ட்டில் சுற்றிவிட்டிருந்தான். முகம் தெரியாத அந்தத் திருச்சிக்காரனை அரைமணி நேரம் திட்டிக்கொண்டே வேலை பார்த்தேன்.

பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குத் தனியாகத் தடித்த ஒயர் இழுத்து நடுவில் பியூஸ் வைத்தேன். எர்த் பாயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினேன். தொளதொளத்துக் கிடந்த டைனமோ பெல்ட்டையும் முறுக்கிவிட்டேன். பொழுது சாய்ந்ததும் எதிரிலிருந்த மில் சுவரைப் பார்த்துக் காரை நிறுத்தி, பாட்டை முழுச் சத்தத்தில் வைத்து லைட்டைப் போட்டோம். சுவரில் விழுந்த இரண்டு வட்டமும் அசையவில்லை. எனக்குத் திருப்தியாக இருந்தது. அவர் சுவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரி தம்பி என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாலாம் நாள் கார் திரும்பி வந்தது. இன்னும் மங்கலாகத்தான் இருக்கிறதாம். எனக்குச் சுருக்கென்றது. மீட்டரை வைத்துப் பார்த்தேன், வோல்டேஜ் சரியாக இருந்தது. இருந்தாலும் விடவில்லை. ஹெட்லைட்டுக்கு ரிலே வைத்து அதற்கும் பேட்டரியிலிருந்தே நேராகக் கரண்ட் கொடுத்தேன். பல்பு இரண்டையும் புதிதாகப் போட்டேன். லாரியில் கழற்றிய நல்ல டைனமோ ஒன்று என்னிடம் இருந்தது. அதைத் தாங்கும்படி கிளாம்ப் அடித்து மாட்டினேன். இப்போது லைட் போட்டால் மில் சுவரில் ஒட்டியிருந்த சினிமா போஸ்டரின் சின்ன எழுத்துகூடப் படிக்க முடிந்தது. ஊரில் எந்தக் காருக்கும் அப்படி ஒரு வெளிச்சம் கிடையாது என்று நானே எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன்.

அடுத்த வாரம் மூன்றாவது தடவையாகக் கார் வந்து நின்றது.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. இன்னும் மங்கலாத்தான் இருக்கு" என்றார்.

கடையில் நாலைந்து லாரி டிரைவர்கள் இருந்தார்கள். ஒருவர், பேசாமல் பம்பரில் இரண்டு அரிக்கேன் விளக்கைக் கட்டிவிடச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நான் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரை பெஞ்சின் மேல் வீசியடித்தேன். என் வேலையில் குறை இல்லை, பாட்டைக் குறைத்து வைத்துக்கொண்டு ஓட்டினால் போதும் என்று கத்தினேன். அவர் எல்லாத் திட்டையும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார், அந்த ஒன்றைத் தவிர. பாட்டில் மட்டும் கை வைக்க வேண்டாம் என்று கெஞ்சலாகச் சொன்னார். இந்த வயதில் இவருக்கு என்ன பாட்டுப் பைத்தியம் என்று நினைத்தேன். அதுவும் வைத்திருப்பது ஒரே ஒரு கேசட். தேய்ந்துபோன அந்தத் தொண்ணூறு நிமிடக் கேசட்டைத்தான் எப்போது பார்த்தாலும் போடுவார். கல்யாணக்காரர்கள் வேறு கேசட் கொடுத்தால் பகலில் போடுவார், பொழுது சாய்ந்தால் பழையபடி இதுதான்.

அன்று சாயங்காலமே விதைக்கடைக்காரர் மொபெட்டில் வந்து இறங்கினார். டிரைவர் நாளுக்கு நாள் பயப்படுகிறார், உருட்டிக்கொண்டு போகிறார், எல்லாம் லைட்டால்தான் என்றார். என்னால் முடியாவிட்டால் திருச்சிக்கே கொண்டுபோகிறேன் என்றும் சொன்னார். திருச்சிக்காரன் கெடுத்ததைத் திருச்சிக்காரனே சரிசெய்வதா? நானே கூடப் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் ரயிலுக்குப் போனார்கள். நான் மீட்டரும் கையுமாக முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். கிளம்புமுன் அவர் கேசட்டை முழுக்கப் பின்னால் சுற்றினார். என் கடை வாசலைத் தாண்டும்போது சரியாகப் பட்டனை அழுத்தினார். போகும்போது நல்ல வெளிச்சம் இருந்தது, ஸ்பீடோமீட்டர் முள் நாற்பதை விட்டு அசையவில்லை. கேசட்டின் ஒரு பக்கம் முடியவும் அரியலூர் ஸ்டேஷன் வரவும் சரியாக இருந்தது. அவர்களை இறக்கிவிட்டு டீ குடித்தோம். திரும்பும்போது கேசட்டை மறுபக்கம் திருப்பிப் போட்டு, ஸ்டேஷன் வாசலிலிருந்து பாட்டை ஆரம்பித்தார். இதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வோல்டேஜ் பார்க்கிற கண்ணுக்கு வேறெதுவும் படவில்லை.

அரியலூரைத் தாண்டியதும் பொழுது இறங்கிவிட்டது. லைட்டைப் போட்டார். புளியமரங்களில் அடித்திருந்த வெள்ளைப் பட்டை, மைல் கல், சுண்ணாம்புக்கல் லாரியிலிருந்து சிந்திக் கிடந்த கல் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. ஊஃபர் அதிர்ந்தது, வெளிச்சம் அசையவே இல்லை. இதில் எங்கே மங்கல் என்று அவரைக் கேட்டேன்.

"ஒங்களுக்கு நல்லாத் தெரியுதா தம்பி?" என்றார்.

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். கோபம் தலைக்கேறியது. பாட்டே இல்லாமல் பார்த்துவிடலாம் என்று குனிந்து ஆம்ப்ளிஃபயர் பியூஸைப் பிடுங்கினேன். கார் அமைதியாகிவிட்டது. அவர் உடனே அதைத் திரும்ப மாட்டச் சொன்னார். நான் மாட்டவில்லை. கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு தடவை சொன்னார், குரல் மாறியிருந்தது. நாற்பதில் இருந்த முள் இருபத்தைந்துக்கு வந்தது. சீட்டின் நுனிக்கு வந்து ஸ்டீயரிங்கில் மார்பு படுகிற அளவுக்குச் சாய்ந்திருந்தார்.

அது மக்காச்சோள அறுப்பு முடிந்த நேரம். எங்கள் பக்கம் களத்தில் இடம் போதாதவர்கள் தார் ரோட்டில் பாதியை மறித்துக் காயப்போடுவார்கள். வண்டி ஏறாமலிருக்க ஓரத்தில் வரிசையாகக் கல் வைத்துவிடுவார்கள். சித்தளியைத் தாண்டிப் பேரளி வருவதற்கு முன்னால் அப்படி ஒரு இடத்தில் ஒரு பெண் குனிந்து சோளத்தைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தாள். நான் அவளை வெகுதூரத்திலேயே பார்த்துவிட்டேன். அவரும் பார்த்திருப்பார் என்று இருந்தேன். எதிரே ஒரு லாரி லைட்டை அடித்துக்கொண்டு கடந்துபோனது. அதன் பிறகும் கார் அவளை நோக்கி நேராகவே போயிற்று. நான் கத்திக்கொண்டே ஸ்டீயரிங்கைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தேன். அவர் பிரேக்கை மிதித்தார். இடது சக்கரம் கல்லில் ஏறி, சோளத்தில் சறுக்கி நின்றது. அவளுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு முழம் இருக்கும்.

அந்தப் பெண்ணுக்கு முதலில் பேச்சு வரவில்லை. பிறகு வந்தது. "கண்ணு என்ன பொட்டையா ஒனக்கு? இம்மாம் பெரிய லைட்ட போட்டுக்கிட்டு வர்ற, மனுசி நிக்கிறது தெரியல?" என்று ஆரம்பித்து அவருடைய வம்சத்தையே இழுத்தாள்.

அவர் கதவைத் திறந்தார். இறங்கி, சிதறிய சோளத்தை அள்ளிப்போட உட்கார்ந்தார். ஹெட்லைட் வெளிச்சம் முழுக்க அங்கேதான் விழுந்தது. மஞ்சள் மணிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. அவர் கை தரையைத் தடவித் தடவி மணியைத் தேடிக்கொண்டிருந்தது. சோளம் ஒரு பக்கம் கிடக்க, கை வேறு பக்கம் துழாவியது. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. நானும் உட்கார்ந்து அள்ளினேன். இரண்டு பேரும் அள்ளுவதைப் பார்த்து அவளும் திட்டுவதை நிறுத்திவிட்டாள்.

அங்கிருந்து நான்தான் ஓட்டினேன். கொஞ்ச தூரத்தில் ஓரமாக நிறுத்தி, எத்தனை நாளாக என்று கேட்டேன். ஒன்றரை வருடமாம். பகலில் சமாளித்துக்கொள்ள முடிகிறது, பொழுது இறங்கினால் புகை மூடிய மாதிரி ஆகிவிடுகிறது, எதிரே வண்டி வந்தால் ஒரே வெள்ளையாக விரிந்து ஒன்றும் தெரிவதில்லை என்றார். யாரிடமும் சொல்லவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. கண் தெரியாத டிரைவரை யார் வைத்துக்கொள்வார்கள்? ஸ்டீயரிங்கைத் தவிர அவர் வாழ்க்கையில் வேறெதையும் பிடித்ததில்லை.

"அப்புறம் எதுக்குண்ணே லைட்டு மங்கல் லைட்டு மங்கல்னு என்னைய வதைச்சீங்க?"

"வதைக்க வரல தம்பி. ஆடியோ மாட்டுனப்புறம் லைட்டு நெசமாவே மங்குச்சா, அப்ப எனக்கு எம்புட்டு சந்தோசம் தெரியுமா? கோளாறு வண்டியிலதான், எங்கண்ணுல இல்லன்னு நெனச்சேன். ஒவ்வொரு தடவையும் நீங்க சரி பண்ணிருவீங்கன்னு நம்பித்தான் வந்தேன்."

நான் அவரைத் திட்டியதெல்லாம் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது.

பாட்டைப் பற்றியும் அவரே சொன்னார். ஆடியோ வரும்வரை பழக்கத்தில் ஓட்டியவர், வந்த பிறகு அந்தக் கேசட்டில் எந்தப் பாட்டுக்கு எந்த இடம் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தார். நாற்பதிலேயே போனால் இரண்டாவது பாட்டு முடியும்போது இந்த வளைவு, நாலாவது பாட்டின் நடுவில் புல்லாங்குழல் வரும்போது அந்தப் பாலம், அடுத்ததில் வேகத்தடை. வழியில் நிற்க வேண்டி வந்தால் கேசட்டையும் நிறுத்திவிடுவார், கிளம்பும்போது திரும்பப் போடுவார். லைட்டைக் கெடுக்கிறது என்று நான் இரண்டு வாரமாகச் சண்டை போட்ட அந்த ஆடியோவை வைத்துத்தான் மனிதர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தார். அந்தப் பாட்டில் வளைவு இருந்தது, பாலம் இருந்தது. சோளம் கூட்டுகிற பெண் இல்லை.

இதை நான் சொன்னதும் அவர் அழுதுவிட்டார். முதலாளியிடம் சொல்ல வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு இரண்டு பக்கமும் நெருப்பாக இருந்தது. சொன்னால் அவர் பிழைப்பு போகும். சொல்லாவிட்டால் இன்னொரு நாள் பம்பருக்கு முன்னால் ஒரு முழம் மிச்சம் இருக்காது. வீடு வரும்வரை யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். பொழுது சாய்ந்த பிறகு அவர் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது, கண் முகாமுக்குப் போக வேண்டும், அதற்கு ஒப்புக்கொண்டால் மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஒப்புக்கொண்டார்.

மறுநாள் விதைக்கடைக்காரரிடம் போய், லைட் சரியாகவில்லை என்று சொன்னேன். இவ்வளவு பெரிய ஆடியோவை வைத்துக்கொண்டு இருட்டில் ஓட்டுவது ஆபத்து, ஒரு சாமான் வெளியூரிலிருந்து வர வேண்டும், அதுவரைக்கும் பகல் வாடகை மட்டும் ஓட்டுங்கள் என்றேன். என் வாழ்நாளில் நான் செய்த நல்ல வேலைகளில் ஒன்றை, தோற்றுப்போன வேலை என்று என் வாயாலேயே சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்றார். அவருடைய டிராக்டரும் உரம் ஏற்றுகிற மினி லாரியும் அந்த வாரத்தோடு வேறு கடைக்குப் போய்விட்டன.

பகல் என்றால் மட்டும் பரவாயில்லையா என்று இப்போது யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. அன்றைக்கு அதுதான் தோன்றியது. அவர் கார் எடுத்துக்கொண்டு போகிற ஒவ்வொரு நாளும் அது திரும்பி என் கடையைத் தாண்டும்வரை எனக்கு வேலையில் மனம் நிற்காது.

ஒரு பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம் போட்டபோது கூட்டிப்போனேன். புரை என்றார்கள். வலது கண்ணில் முற்றிவிட்டது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், இடது கண்ணைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு வந்தவரை முதலாளியிடம் எப்படிக் காட்டுவது? அதற்கு யோசனை கண்டுபிடித்தது டிரைவர்தான். மெட்ராஸ் ஐ என்று தெருவில் நின்றபடியே சொன்னாராம். கடைக்குள் உட்கார்ந்திருந்த முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டு, பத்து நாளைக்கு இந்தப் பக்கமே வர வேண்டாம் என்று விரட்டினாராம். இதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அதற்கு மேற்பட்ட நாட்களுக்கு, சாமான் வந்துவிட்டது என்று சொல்லி நானே காரை வாங்கி என் கொட்டகையில் நிறுத்திக்கொண்டேன். ஒன்றுமில்லாத வண்டியின் பானட்டைத் தினமும் திறந்து வைப்பது இருக்கிறதே, அதைப் போல அலுப்பான வேலை கிடையாது.

எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும், என் வாய் மட்டும் சும்மா இருந்திருந்தால். ஒரு நாள் பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினார். கொட்டகையில் அந்தக் கார் நிற்பதைப் பார்த்தார். இதையே இன்னும் சரிசெய்யவில்லையா என்று கேட்டுவிட்டு லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவரிடம் நான் பொரிந்து தள்ளினேன்.

"ஒங்க கண்ணு தொறக்கறதுக்குள்ள எங் கடைய மூடிருவாங்க போலருக்குண்ணே" என்றேன்.

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் டீயைக் குடித்து முடித்து, கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து விதைக்கடைக்காரர் ஆள் அனுப்பினார். போனேன். டிரைவர் கடைக்குள் ஒரு மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். கறுப்புக் கண்ணாடி இல்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார். லைட்டில் குறையே இல்லை, குறை தன் கண்ணில்தான், அந்தத் தம்பி பெயரை நான்தான் கெடுத்துவிட்டேன் என்று அவரே போய்ச் சொல்லியிருக்கிறார்.

முதலாளி கத்துவார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர் கத்தவில்லை. என்னைப் பார்த்து மெதுவாகத்தான் பேசினார்.

"எம் பொண்ணு பிரசவமாயி புள்ளையோட அரியலூர்லேர்ந்து வந்தது இந்த வண்டியிலதான்யா. போன வருசம், விடியறதுக்கு முன்னால. இவந்தான் ஓட்டுனான். நீ சொல்லு, நான் என்ன செய்யணும்?"

அவர் கேட்டதில் ஒரு தப்பும் கிடையாது. என் ஆயுசில் யார் முன்னாலும் அப்படி வாயடைத்து நின்றதில்லை. டிரைவர் தன்னிடமே வைத்திருந்த கார் சாவியைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தார். வெளியே யாரோ பருத்தி விதை கேட்டார்கள், முதலாளி இல்லை என்று சொல்லி அனுப்பினார். பிறகு, டாக்டர் வண்டி ஓட்டலாம் என்று சொல்லிவிட்டாரா என்று கேட்டார். சொல்லிவிட்டார் என்று சீட்டை எடுத்துக் காட்டினார் டிரைவர். முதலாளி அதைப் படித்துவிட்டு, சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டியை எடுக்கச் சொன்னார். என்னையும் வரச் சொன்னார்.

முதலாளி முன் சீட்டில் உட்கார்ந்தார், நான் பின்னால். முதலாளி ஏறியதும் முதல் வேலையாக டெக்கிலிருந்து கேசட்டை உருவிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். எங்கே என்று சொல்லவில்லை, அரியலூர் ரோட்டைக் கையால் காட்டினார். கவுள்பாளையம் தாண்டுவதற்குள் இருட்டிவிட்டது. டிரைவர் லைட்டைப் போட்டார். கார் ஓடுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.

"மைல் கல்லு" என்றார் டிரைவர்.

யாரும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். கொஞ்சம் கழித்து, "நாயி ஒண்ணு, எடது பக்கம்" என்றார். அப்புறம் நிற்கவில்லை. சைக்கிள் ஒண்ணு போவுது, பின்னாடி செகப்பு இல்ல. வேப்பமரம், அதுல யாரோ தகரம் அடிச்சிருக்காங்க. குட்டிச்சுவர்ல ரெண்டு பேரு உக்காந்திருக்காங்க, ஒருத்தர் துண்டு போட்டிருக்காரு. எதிரே லாரி வந்தபோது நான் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டேன். லாரி கடந்ததும், "கல்லு லாரி, தார்ப்பாய் கட்டல" என்றார். பரீட்சையில் பதில் சொல்கிறவர் குரல் இல்லை அது. ஒன்றரை வருடம் அந்த ரோட்டில் தினமும் போய்க்கொண்டிருந்தவர் அதை இப்போதுதான் பார்க்கிறார். அவர் சொன்னது ஒவ்வொன்றும் எனக்கும் தெரிந்தது, எதையும் விடாமல் சொன்னார். பேரளியைத் தாண்டி ஒரு கிழவி ஆட்டை ஓட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்தபோது வண்டியை வெகு தூரத்திலேயே நிறுத்தி, ஏழு ஆடு என்று எண்ணிச் சொன்னார். நான் பின் சீட்டில் சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தேன்.

முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"போதும்யா. பேசாம ஓட்டு."

சரிங்க முதலாளி என்றார் டிரைவர். ஆனால் அரியலூர் வரும்வரை அவரால் பேசாமல் இருக்க முடியவில்லை.